டிஸ்க் ஐ/ஓ எரர்: கோளாறு டிஸ்க்கிலா, வழியிலா?

கேள்வி இது: "2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து லேப்டாப்புக்குப் புகைப்படங்களை காப்பி செய்கிறேன். சில ஃபோல்டர்கள் ஒழுங்காக வந்துவிடுகின்றன. சிலவற்றில் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்து 'ஐ/ஓ டிவைஸ் எரர்' என்கிறது. லினக்ஸில் போட்டுப் பார்த்தாலும் 'இன்புட்/அவுட்புட் எரர்'தான். செக்டிஸ்க் ஓட்டலாமா? ஃபார்மேட் செய்தால் சரியாகுமா?"

செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் வின்டோஸ் கருவி) வேண்டாம், ஃபார்மேட் வேண்டவே வேண்டாம். குறைந்தபட்சம் இன்றைக்கு. அந்தப் படங்களுக்கு வேறெங்கும் நகல் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நகல் இருக்கிறது என்றால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள், சரிவராவிட்டால் புது டிஸ்க் வாங்கிவிடுங்கள்.

ஐ/ஓ எரர் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கோளாறு எங்கே என்று சொல்ல முடியாது. கடிதம் சேராமல் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் ஆள் இல்லையா, வழியில் பாலம் உடைந்ததா என்பது உறையின் மேல் எழுதியிருக்காது. நீங்கள் ஒரு படத்தைக் கேட்கும்போது அந்தக் கோரிக்கை இயங்குதளத்துக்குப் போகிறது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தைப் பார்த்து, அது எந்த செக்டர் (டிஸ்க்கில் தகவல் இருக்கும் சிறு துண்டு) என்று தெரிந்துகொள்கிறது. பிறகு டிரைவர், யுஎஸ்பி போர்ட், கேபிள், டிஸ்க் பெட்டிக்குள் யுஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப், டிஸ்க்கின் சொந்த சர்க்யூட் போர்டு, கடைசியில் சுழலும் தட்டின் மேல் மிதந்து தகவலைப் படிக்கும் ஹெட். இதில் எந்த இடத்தில் பதில் நின்றுபோனாலும் மேலே வந்து சேர்வது இதே செய்திதான். லினக்ஸில் அதற்கு எண் 5, வின்டோஸில் 1117. இடம் தீர்ந்துபோனதற்கும் அனுமதி இல்லாததற்கும் லினக்ஸில் தனித்தனி எண்கள் (28, 13) இருக்கின்றன. ஆகவே 5 வந்தால் அனுமதிகளை மாற்றிப் பார்ப்பதும், இடத்தைக் காலி செய்வதும் வீண் வேலை. டிரைவ் எழுத்தை மாற்றச் சொல்லும் அறிவுரையையும் நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்க முடியாத செக்டருக்கு அந்த டிரைவ் டி-யா, ஜி-யா என்பது தெரியவே தெரியாது.

நீங்கள் சொன்னதிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது: "ஒரு நிமிடம் கழித்து". உங்களுடையது போன்ற சிறிய எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்பவை. அப்படியென்றால் ஒரு குறிப்பிட்ட செக்டர் ஹெட்டுக்குக் கீழே நொடிக்கு 90 முறை வந்து போகிறது. படித்தது சரியில்லை என்றால் டிஸ்க் உடனே கையை விரித்துவிடாது. அடுத்த சுற்றில் மறுபடி படிக்கும், ஹெட்டைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்திப் படிக்கும், இன்னும் பல வித்தைகள் காட்டும். அது தோற்றால் இயங்குதளம் தன் பங்குக்கு இன்னும் சில முறை கேட்கும். நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முயற்சிகள் நடந்து முடிந்திருக்கலாம். குறிப்பிட்ட சில ஃபோல்டர்களில் மட்டும் எப்போதும் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் என் சந்தேகம் டிஸ்க்கின் மேல்தான். ஆனாலும் சந்தேகத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. இயங்குதளம் எழுதிவைக்கும் பதிவேட்டை, அதாவது லாக்கை, பார்க்க வேண்டும்.

லினக்ஸில் டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளை போட்டு, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்ன புலம்புகிறது என்று பாருங்கள். யுஎஸ்பி டிஸ்க் என்றால் நீங்கள் தேட வேண்டியவை இரண்டு வகை வரிகள். ஒன்று, "மீடியம் எரர்", அதை ஒட்டி "அன்ரிகவர்ட் ரீட் எரர்", கீழே ஒரு செக்டர் எண். இதைச் சொல்வது டிஸ்க்கே: நான் உயிரோடுதான் இருக்கிறேன், நீ கேட்டது எனக்குப் புரிந்தது, ஆனால் அந்த இடத்தை என்னால் படிக்க முடியவில்லை. மற்றொன்று, "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்", "ரீசெட் சூப்பர்ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்" என்று வருபவை. இவை டிஸ்க் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்ததைக் காட்டுகின்றன. கம்ப்யூட்டருக்குள்ளேயே சாட்டா கேபிளில் இருக்கும் டிஸ்க் என்றால் அடைப்புக்குறிக்குள் சுருக்கெழுத்துகள் வரும். "யுஎன்சி" என்றால் படிக்க முடியாத செக்டர். "ஐசிஆர்சி" என்றால் தகவல் கேபிளில் வரும் வழியில் சிதைந்துவிட்டது. கூடவே "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்", வேகத்தை 6 ஜிகாபிட்டிலிருந்து 3-க்கும் 1.5-க்கும் குறைக்கிறேன் என்ற வரிகள் வந்தால் கெர்னலே கேபிளைச் சந்தேகப்படுகிறது என்று பொருள்.

வின்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் லாக்கில் "டிஸ்க்" என்ற மூலத்திலிருந்து வரும் பதிவுகளைப் பாருங்கள். எண் 7 என்றால் பேட் பிளாக். 11 என்றால் கன்ட்ரோலர் பிழை. பாதி நேரம் இது கேபிளாகவோ போர்ட்டாகவோ இருக்கும். 153 என்றால் ஒருமுறை தோற்று மறுபடி முயன்றிருக்கிறது. சாட்டா டிரைவரிடமிருந்து 129 வந்தால், பதிலே வராததால் டிஸ்க்கை ரீசெட் செய்திருக்கிறது. 55 என்றால் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்குள் குழப்பம்; இது பெரும்பாலும் மேலே உள்ளவற்றின் விளைவுதானே தவிர காரணம் அல்ல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வின்டோஸ் சில சமயம் "டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்று சொல்லும். சிஆர்சி என்ற பெயரைப் பார்த்ததும் கேபிள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தச் செய்தி வழக்கமாக டிஸ்க்கால் செக்டரைப் படிக்க முடியாதபோது வருவது. கேபிளைக் காட்டிக்கொடுக்கும் சிஆர்சி வேறு. அது ஸ்மார்ட் என்ற பட்டியலில் 199-ஆம் எண்ணில் இருக்கிறது; அந்தப் பட்டியலைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இந்தப் பெயர்க் குழப்பத்தால் நல்ல கேபிள்களைத் தூக்கி எறிந்தவர்களையும், செத்துக்கொண்டிருந்த டிஸ்க்கை நம்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

லாக்கில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் எளிய ஒரு சோதனை போதும். தோற்கும் செக்டர் எண்களை எழுதி வையுங்கள். அல்லது காப்பி எந்த ஃபைலில், எத்தனையாவது சதவீதத்தில் நிற்கிறது என்றாவது. கம்ப்யூட்டரை மாற்றி, கேபிளை மாற்றி ஒரே ஒருமுறை முயலுங்கள். அதே இடத்தில் நின்றால் டிஸ்க். இடம் மாறிக்கொண்டே இருந்தால் வழி. தட்டில் விழுந்த காயம் நகராது. கேபிளில் வரும் கோளாறுக்கு முகவரி கிடையாது. ஒரே ஒருமுறை என்று சொன்னதைக் கவனியுங்கள். நலிந்த டிஸ்க்கில் ஒவ்வொரு முயற்சிக்கும் விலை உண்டு.

அடுத்தது ஸ்மார்ட். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு. அதைப் படிக்க லினக்ஸிலும் மேக்கிலும் ஸ்மார்ட்சிடிஎல், வின்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவிகள் உண்டு. யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் ஸ்மார்ட்சிடிஎல் முதலில் முரண்டு பிடிக்கலாம். டிவைஸ் வகை "சாட்" என்று சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல மதிப்புகளைப் பதினாறடிமானத்தில் காட்டும். அமைப்பில் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் 10 என்று இருப்பது உண்மையில் 16.

முழுப் பட்டியலையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாலே நாலு வரி போதும். 5: மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள். 197: காத்திருக்கும் செக்டர்கள். 198: திருத்தவே முடியாதவை. 199: நான் சொன்ன கேபிள் சிஆர்சி. 199-இன் எண்ணிக்கை ஏறுமே தவிர இறங்காது. என்றோ ஒருநாள் மோசமான கேபிளில் இருந்ததற்கான தழும்பாகவும் அது இருக்கலாம். ஆகவே எண்ணைக் குறித்துவைத்து, கேபிளை மாற்றி, சில ஜிபி படித்துவிட்டு மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் பழங்கதை. ஏறியிருந்தால் கேபிளோ போர்ட்டோ இன்னும் சரியில்லை.

197-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "ஃபார்மேட் செய்தேன், சரியாகிவிட்டது" என்ற கதைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு செக்டர் பெரும்பாலும் 4096 பைட். ஒவ்வொன்றோடும் பிழை திருத்தும் தகவலும் சேர்த்தே எழுதப்படுகிறது. அதை வைத்தும் திருத்த முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தால், டிஸ்க் அந்த செக்டரைக் காத்திருப்போர் பட்டியலில் போடுகிறது. உடனே மாற்று இடத்துக்குத் தூக்காது. ஏன்? தூக்கினால் பழைய தகவல் போயே போய்விடும். அடுத்த முறை ஒருவேளை படிக்க முடிந்தால்? அதனால், அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும்வரை காத்திருக்கிறது. நீங்கள் முழு ஃபார்மேட் செய்யும்போது எழுதுகிறீர்கள். டிஸ்க் எழுதிப் பார்த்து, நின்றால் அப்படியே வைத்துக்கொள்ளும்; நிற்காவிட்டால் கையிருப்பில் உள்ள மாற்று செக்டருக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிடும். 197 பூஜ்யமாகிவிடும், பிழையும் மறையும். உங்கள் படங்களும்.

2007-இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாட்களில் செத்துப்போகும் வாய்ப்பு, பிழை காட்டாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு சங்கதி: செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், அவர்கள் முக்கியமாகக் கருதிய நாலு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. ஆகவே ஸ்மார்ட் "ஆபத்து" என்றால் நம்புங்கள். "நலம்" என்றால் பாதி நம்புங்கள். மேலே பச்சை நிறத்தில் "பாஸ்ட்" என்று வரும் ஒட்டுமொத்தத் தீர்ப்பை நான் படிப்பதே இல்லை. 197-இல் முந்நூறு செக்டர்கள் காத்திருக்கும்போதும் அது "பாஸ்ட்" என்று சொன்னதைப் பார்த்திருக்கிறேன்.

கேபிளைச் சுலபமாக எண்ணிவிடாதீர்கள் என்பதற்கு என் கதை ஒன்று. ஒரு சர்வரில் வாரம் ஒருமுறை டிஸ்க் காணாமல் போகும். ரீபூட் செய்தால் வந்துவிடும். டிஸ்க்கை மாற்றினேன். பத்து நாள் கழித்துப் புது டிஸ்க்கும் அதே மாதிரி. அதையும் மாற்றினேன். மூன்றாவதும் அப்படியே ஆனபோதுதான் 199-ஐப் பார்க்கத் தோன்றியது: ஒரு மாதம்கூட ஆகாத டிஸ்க்கில் நாலாயிரத்துச் சொச்சம். பெட்டியின் பக்கவாட்டு மூடி சாட்டா கேபிளை அழுத்தி, கனெக்டரை ஒரு நூல் அளவு சாய்த்து வைத்திருந்தது. மூடியைக் கழற்றினால் எல்லாம் சரி, மூடினால் பிழை. கோணக் கனெக்டர் உள்ள கேபிள் ஒன்று போட்டதோடு தீர்ந்தது. நான் "செத்துவிட்டது" என்று ஓரம் கட்டிய முதல் இரண்டு டிஸ்க்குகளும் இன்னும் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது டிஸ்க்கைத் தொடும் முன் கேபிளை மாற்றுகிறேன். முடிந்தால், இரு முனையிலும் உலோகப் பிடிப்பு உள்ளதாக.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கேபிளோடு மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 என்றால் 900. மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் டிஸ்க் அதைத் தொட்டுவிடும், சில சமயம் தாண்டியும்விடும். கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட், பவர் அடாப்டர் இல்லாத ஹப், நீட்டிப்பு ஒயர் ஆகிய மூன்றையும் தவிருங்கள். பின்பக்க போர்ட்டில் நேராக, குட்டைக் கேபிளில். டிஸ்க் "டிக்" என்று நின்று மறுபடி சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டால் மின்சாரப் பற்றாக்குறையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை நேராக சாட்டாவில் போடலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு எச்சரிக்கை. சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் பிரிட்ஜ் சிப்பே எல்லாவற்றையும் குறியாக்கம் செய்துதான் எழுதுகிறது; நீங்கள் பாஸ்வேர்டே போடாவிட்டாலும்கூட. வெளியே எடுத்தால் வெறும் குப்பையாகத் தெரியும். இன்னும் சிலவற்றில் யுஎஸ்பி கனெக்டர் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சாட்டா முனையே இருக்காது. வெளியே எடுத்தபின் "பார்ட்டிஷன் இல்லை, இனிஷியலைஸ் செய்யவா?" என்று வின்டோஸ் கேட்டால் மறுத்துவிட்டுப் பழையபடி பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சீரான இடைவெளியில் "டக்... டக்... டக்" என்று தட்டும் சத்தம், சுழலவே மாட்டேன் என்ற முனகல், கீழே விழுந்த டிஸ்க், நனைந்த டிஸ்க் என்றால் இங்கேயே நிறுத்துங்கள். மின் இணைப்பைப் பிடுங்குங்கள். ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. சிதைந்த ஹெட் ஒவ்வொரு சுற்றிலும் தட்டைச் சுரண்டும். படங்கள் அவ்வளவு முக்கியம் என்றால் கிளீன் ரூம் (தூசியில்லாத அறை) வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். ஃபிரீஸரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலையையும் கெடுத்துவிடும்.

சத்தம் இல்லை, டிஸ்க் தெரிகிறது, சில இடங்கள் மட்டும் படிக்கவில்லை. உங்கள் நிலைமை இதுதான் என்றால் வீட்டிலேயே செய்யலாம். டிஸ்க்கை வின்டோஸில் திறந்து ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்துப் போடுவதை விடுங்கள். அது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், நல்ல இடங்களுக்குப் போகவே போகாது. குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி அதற்கு நேர்மாறு. முதல் சுற்றில் சுலபமாக வருவதை எல்லாம் பெரிய பெரிய துண்டுகளாக அள்ளிக்கொள்ளும். எங்காவது தடுக்கினால் அங்கே நிற்காமல் தாண்டிப்போய்விடும். அதன் பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து நெருங்கி, கடைசியாக செக்டர் செக்டராகச் சுரண்டும். டிஸ்க் நடுவில் செத்தாலும், நல்லதெல்லாம் அதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

லினக்ஸ் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து ஓடும் லினக்ஸ்) ஒன்றில் பூட் செய்யுங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸில் டிடிரெஸ்க்யூ ஏற்கெனவே இருக்கும். டெபியன், உபுன்டுவில் தொகுப்பின் பெயர் முன்னால் "ஜி" எழுத்தோடு ஜிடிடிரெஸ்க்யூ. கிட்டத்தட்ட அதே பெயரில் வேறொரு கருவியும் உண்டு, குழம்ப வேண்டாம். டிஸ்க்கை மவுன்ட் செய்யாதீர்கள், அதாவது ஃபோல்டர்கள் தெரியும்படி திறக்காதீர்கள். லைவ் சிஸ்டம் தானாகச் செய்திருந்தால் அன்மவுன்ட் செய்யுங்கள். கட்டளைக்கு மூன்று பெயர்கள் தர வேண்டும்: முதலில் கெட்ட டிஸ்க், அடுத்து நகல் போய்ச் சேரும் இடம், மூன்றாவது மேப் ஃபைல். முதல் இரண்டும் மாறிப்போனால் வெற்று டிஸ்க்கைப் படங்களின் மேல் எழுதிவிடும். டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் பார்த்து உறுதி செய்யாமல் என்டர் தட்டாதீர்கள். நான் இன்றும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தட்டுகிறேன். நகல் போகும் டிஸ்க்கில் குறைந்தது மூல டிஸ்க்கின் அளவு காலியிடம் வேண்டும். உங்களுக்கு 2 டெராபைட், படங்கள் 300 ஜிபிதான் என்றாலும்.

மேப் ஃபைலை விட்டுவிடாதீர்கள். எந்த இடம் வந்தது, எந்த இடம் வரவில்லை என்று அதில்தான் குறித்துக்கொள்கிறது. மின்சாரம் போனாலும், டிஸ்க் தொங்கினாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்தில் தொடரும். முதல் ஓட்டத்துக்கு -n என்ற ஆப்ஷனைக் கொடுங்கள். கடைசிச் சுரண்டலைத் தள்ளிப்போடும். அது முடிந்தபின் -d ஆப்ஷனோடு -r3 போட்டு, எஞ்சியதை மூன்று முறை முயலச் சொல்லுங்கள். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 2 டெராபைட்டுக்கு ஐந்தரை மணி நேரம். கெட்ட இடங்களில் வேகம் கிலோபைட்டுகளுக்கு இறங்கும். என்னிடம் வந்த ஒரு டிஸ்க்கில் 99 சதவீதம் ஒரே ராத்திரியில் வந்துவிட்டது, எஞ்சியதற்கு மூன்று நாள் ஆனது. டிஸ்க் கொதித்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், ஒரு மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வையுங்கள்.

முடிந்ததும் ஓரிரு மெகாபைட் வராமலே போகலாம். அது எதைத் தாக்கியது என்பதுதான் கேள்வி. ஒரு ஜேபெக் படத்தின் நடுவில் ஒரு செக்டர் போனால், அதற்குக் கீழே உள்ள பகுதி சாம்பல் நிறமாகவோ நிறம் பிசகியோ தெரியும். ஃபைல் சிஸ்டத்தின் பட்டியலிலேயே ஒரு செக்டர் போனால் ஃபோல்டரே காணாமல் போகலாம். எந்த ஃபைல்கள் அடிபட்டன என்று தெரிந்துகொள்ள டிடிரெஸ்க்யூவிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. நகலின் இன்னொரு பிரதியை எடுத்து, படிக்க முடியாத இடங்களில் மட்டும் நீங்கள் தரும் ஒரு சொல்லை நிரப்பச் சொல்லலாம். ஃபில் மோட் என்று அதற்குப் பெயர். பிறகு எல்லா ஃபைல்களிலும் அந்தச் சொல்லைத் தேடினால் எது எது காயம்பட்டது என்ற பட்டியல் கிடைத்துவிடும்.

இப்போது செக்டிஸ்க். நகலின் மேல் ஓட்டுங்கள், தாராளமாக. மூல டிஸ்க்கின் மேல் ஏன் வேண்டாம் என்றால், ஸ்லாஷ் எஃப் போட்டால் அது ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்கைத்தான் பார்க்கும், படங்களைப் பார்க்காது. ஒரு ஃபோல்டரின் பதிவைப் படிக்க முடியாவிட்டால் அதை வெட்டிவிட்டு, உள்ளே இருந்தவற்றைப் பெயரில்லாத துண்டுகளாக "ஃபவுண்ட்.000" ஃபோல்டருக்குள் கொட்டிவிடும். ஸ்லாஷ் ஆர் போட்டால் முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராகப் படிக்கும், கெட்ட இடங்களில் முட்டி முட்டி. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதுதான். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ராத்திரி அதை ஓடவிட்டுத் தூங்கப்போய், காலையில் தட்டும் சத்தம் கேட்டு எழுந்தவன் நான். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்சிகே-வுக்கும் இதே சட்டம்தான். மவுன்ட் ஆகியிருக்கும்போது ஓட்டவே கூடாது என்பது கூடுதல்.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. சத்தம் கிடையாது, மெல்ல மெல்லக் கெடுவதும் குறைவு. நேற்றுவரை ஓடியது இன்று பயாஸிலேயே தெரியாது. என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையில் ஸ்மார்ட் பட்டியலும் வேறு. "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" பூஜ்யமாக இருக்க வேண்டும். "பர்சென்டேஜ் யூஸ்ட்" 100-ஐத் தாண்டியும் போகும். தாண்டினால் உடனே சாகும் என்றில்லை. தேய்ந்த எஸ்எஸ்டி சில சமயம் எழுதுவதை மட்டும் மறுத்து, படிக்க விடும். அது தரும் கடைசி உபகாரம், உடனே காப்பி எடுங்கள். ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் நிரல்) அப்டேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சில சர்வர் எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் அறிவிப்பு விட்டது: ஃபர்ம்வேர் தவறால், 32,768 மணி நேரம் ஓடியதும் அவை செத்துவிடும், தரவும் திரும்பாது. 2-இன் 15-ஆம் அடுக்கு என்பது நிரல் எழுதுபவர்களுக்கு உடனே தெரியும். ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிஸ்க்குகள் ஒரே நாளில் சாகும். ஒன்று செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு இருந்தும் பயனில்லை.

ரெய்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். சாதாரண டிஸ்க் ஒரு கெட்ட செக்டரோடு ஒரு நிமிடத்துக்கும் மேல் மல்லுக்கட்டலாம். லினக்ஸ் இயல்பாக 30 நொடிதான் பொறுத்துக்கொள்ளும். அதற்குள் பதில் வராவிட்டால் ரீசெட், பிறகு ரெய்டு வரிசையிலிருந்தே வெளியேற்றம். ஒரு செக்டருக்காக முழு டிஸ்க்கும் போகும். டிஸ்க் அனுமதித்தால் ஸ்மார்ட்சிடிஎல் மூலம் அதன் பிடிவாதத்தை 7 நொடிக்குக் குறைத்து வையுங்கள். அனுமதிக்காவிட்டால் கெர்னலின் பொறுமையைக் கூட்டுங்கள்.

எழுதும்போது வரும் பிழை படிக்கும்போது வருவதைவிடக் கள்ளத்தனமானது. காப்பி முடிந்தது என்று திரை சொல்லும்போது தகவல் இன்னும் மெமரியில்தான் இருக்கலாம். பிறகு டிஸ்க்குக்குப் போகும்போது தோற்றால் யாரிடம் சொல்வது? வின்டோஸில் அதுதான் "டிலேய்ட் ரைட் ஃபெயில்ட்". லினக்ஸில் இந்தப் பிழை நிரலுக்கு ஒருமுறை சொல்லப்பட்டதும், டிஸ்க்கில் எழுதப்படாத மெமரிப் பக்கங்கள் எழுதப்பட்டவையாகவே கணக்கில் சேர்ந்துவிடலாம் என்பது 2018-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸை உருவாக்கும் குழுவினரிடையே பெரிய விவாதமானது. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து, எஃப்சிங்க் (மெமரியில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி முடி என்ற கட்டளை) தோற்றால் மறுபடி முயலாமல் டேட்டாபேஸே தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றங்களைக் குறித்துவைத்திருக்கும் தன் சொந்த லாக்கிலிருந்து மீள்கிறது. உங்களுக்கு இதில் பாடம் ஒன்றுதான்: புது டிஸ்க்கில் படங்களைப் போட்டதும், அதைப் பத்திரமாக எஜெக்ட் செய்து, மறுபடி மாட்டி, செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையே வராமல் செக்சம் மட்டும் மாறினால் டிஸ்க்கை விட்டுவிட்டு ரேமைச் சோதியுங்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது? நகல் இரண்டு இடத்தில் பத்திரமான பிறகு, அதன் மேல் முழுக்கப் பூஜ்யம் எழுதி, 5-ஐயும் 197-ஐயும் குறித்துவைத்து, மறுபடி ஒருமுறை முழுக்கப் படியுங்கள். 197 பூஜ்யத்துக்கு வந்து, 5 ஏறாமல் நின்றால், எங்கோ எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் வந்த வினையாக இருந்திருக்கலாம். திரும்ப டவுன்லோட் செய்துகொள்ளக்கூடிய சினிமாக்களுக்கும் பாட்டுகளுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது சுற்றிலும் 5 ஏறினால் தட்டு உரிந்துகொண்டிருக்கிறது. வாரன்டி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஸ்மார்ட் பட்டியலை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.